சபையில் அறுந்த முறை: நெல்லைப் பின்னணியில் ஒமேகாவெர்ஸ் மறுவாய்ப்புக் காதல் எழுதத் தொடங்குவோருக்கு

மனிதர்கள் ஆல்பா, ஒமேகா என்று பிரிந்திருக்கும் கற்பனை உலகக் காதல் கதைகளான ஒமேகாவெர்ஸ் தொடர்களை விடிய விடிய வாசித்தவர்கள் தமிழில் எழுத உட்காரும்போது, பைன் மரக்காடு, பனி, பெரிய மர வீடு, நிலா தேவதை எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஆட்களுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் சூட்டுகிறார்கள். பத்தாவது அத்தியாயத்தில் கதை இழுத்துக்கொண்டு நிற்கும். உறவும் ஊரும் சொத்தும் இல்லாத இடத்தில் ஒருவன் ஒருத்தியை மறுத்தால் அது வெறும் காதல் தோல்வி. அத்தை மகன், பந்தலில், பங்காளிகள் பார்க்க மறுத்தால்தான் அது இந்த வகைக் கதைக்கான காயம்.

நெல்லைச் சீமையில் இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது: முறைப்பெண், முறைமாப்பிள்ளை, கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை, கால்வாய்ப் பாசன நிலம், பாகப் பிரிவினை. அவற்றை எப்படிப் பொருத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை. வேலை முழுக்க ஒரு விதியைச் சுற்றியே நடக்கும்: சபையில் அறுந்ததைச் சபையில்தான் ஒட்டவைக்க வேண்டும். மொட்டை மாடியில் தனியாகக் கேட்கிற மன்னிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்தக் கதையை முடித்துவைக்காது.

சொற்களும் அவை வந்த வழியும்

2010 வாக்கில் ஆங்கில ரசிகர் புனைவுகளில் பிறந்த கற்பனை உலகம் ஒமேகாவெர்ஸ். ஆண், பெண் என்ற பிரிவுக்கு மேலே ஆல்பா, பீட்டா, ஒமேகா என்று இன்னொரு பிரிவு. ஆல்பா ஆளுமை மிக்கவர், ஒமேகாவுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் 'ஹீட்' என்னும் வேட்கைக் காலம் வரும், பீட்டா இரண்டிலும் சேராதவர். ஆல்பாவுக்கு வருவது 'ரட்'. ஒருவரை ஒருவர் வாசத்தால் அறிவார்கள். கழுத்தடியில் கடித்துப் பதிக்கும் தழும்பு, பிணைப்பின் அடையாளம். ஆண் ஒமேகாவும் உண்டு, அவர் பிள்ளை பெறுவதும் இந்த உலகத்தில் வழக்கம்தான். இரண்டு ஆண்களின் கதையாக எழுதினாலும் கீழே சொல்கிற அத்தனையும் பொருந்தும்.

'மறுக்கப்பட்ட இணை' என்பது ஓநாய் மனிதர் காதல் கதைகளிலிருந்து வந்து இதோடு கலந்தது. அங்கே ஒரு சடங்கு உண்டு. மறுப்பவர் தன் பெயரையும் கூட்டத்தின் பெயரையும் சொல்லி, உன்னை இணையாக ஏற்க மறுக்கிறேன் என்பார். எதிரில் நிற்பவர் அந்த மறுப்பை ஏற்கிறேன் என்று திருப்பிச் சொன்னால்தான் பிணைப்பு முழுதாக அறும். இந்த இரண்டாம் வாக்கியத்தைப் புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மறுவாய்ப்புக் கதையின் விதையே அதில்தான் இருக்கிறது.

மறுவாய்ப்பு இரண்டு வகை. மறுத்தவனே திரும்பி வருவது ஒன்று. விதி வேறொரு புது இணையைக் கொடுப்பது இன்னொன்று. முதல் தொடருக்கு முதல் வகையை எடுங்கள். புது இணை வந்துவிட்டால் அவன் தாங்குவான், அவன் கேட்பான், அவனே பழிவாங்குவான். குடும்பம் செய்த துரோகம் ஓரமாய்ப் போய்விடும்.

ஆல்பா என்ற சொல்லின் வரலாறும் எழுத்துக்கு உதவும். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து, சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் ஓநாய் என்ற கருத்து பரவியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய புத்தகம் அதை இன்னும் பிரபலமாக்கியது. 1999-ல் அவரே, காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்று எழுதினார். கூட்டம் என்றால் குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் நம் கதைக்குப் பாதி வேலை முடிந்தது. கூட்டத் தலைவர் யாரோ ஒரு முரடர் இல்லை, பெரியப்பா.

விதித்தாள் ஒரு பக்கம்

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் உங்கள் உலகத்தின் சட்டங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாதியில் சட்டத்தை மாற்றினால் வாசகர்கள் கமெண்டிலேயே பிடித்துவிடுவார்கள்.

உருமாற்றம் உண்டா இல்லையா என்பது முதல் வரி. மனிதர்களாகவே இருந்து வாசமும் பிணைப்பும் மட்டும் வைத்துக்கொள்வது எளிது. உருமாற்றம் வேண்டும் என்றால் ஓநாயை விடுத்துச் செந்நாயை எடுக்கலாம். 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் செந்நாய் உண்டு. கூட்டமாக வாழும், பகலில் வேட்டையாடும், குட்டிகளுக்குக் கூட்டமே இரை கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். அது ஊளையிடுவதைவிடச் சீழ்க்கை அடித்தே ஒன்றையொன்று கூப்பிடும். பாபநாசத்துக்கு மேலே மலைச்சரிவில் மாலை நேரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால் ஊரில் ஒருத்தி கையிலிருந்த செம்பை நழுவவிடுகிறாள் என்று எழுதுங்கள். முழுநிலவும் ஊளையும் ஆயிரம் கதையில் வந்துவிட்டன.

அடுத்து வயது. மறுப்பு நடக்கும்போது நாயகிக்கு 23, திரும்பி வரும்போது 28 என்று வைத்தால் 5 வருட இடைவெளி கிடைக்கும். வாசம் திறப்பது, காதல், பிணைப்பு எல்லாமே 21 வயதுக்கு மேல்தான் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடப் பருவத்தில் தொடங்கிய பிணைப்பு என்று ஒரு பின்கதை வேண்டவே வேண்டாம்.

ஹீட் 3 மாதத்துக்கு ஒரு முறை, 4 நாள். இப்படி எண் போட்டுவிட்டால் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு எழுதலாம். நெல்லைப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கார், அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை பிசானம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கதையை வைத்தால் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும் நாளையும் இவள் உடம்பின் கணக்கையும் ஒரே காலண்டரில் ஓட்டலாம்.

பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது கடைசி வரி. முதல் 3 நாள் காய்ச்சல், அதன்பின் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நினைவு வந்து வந்து போகும் என்று வைக்கலாம். இந்த 48 நாள் பின்னால் துரோகத்துக்குத் தேவைப்படும். வலி என்று மட்டும் எழுதிவிட்டு மூன்றாம் நாள் அவளை எழுந்து நடக்கவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

வாசம்

இந்த வகையில் பாதி எழுத்து மூக்கால் எழுதுவது. ஆங்கிலத் தொடர்களில் வரும் பைன், வனிலா, தோல் ஜாக்கெட் வாசம் நம்மூர் மூக்குக்கு எதையும் கிளப்பாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாசம் போதும். தூரத்தில் தெரிவது ஒன்று, பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிவது ஒன்று. மூன்றுக்கு மேல் போனால் வாசகருக்கு நிற்காது.

உதாரணத்துக்கு நாயகி வடிவு, நாயகன் இசக்கி என்று வைத்துக்கொள்வோம். வடிவுக்கு முதல் வாசம் பிச்சிப்பூ, அடியில் காய்ச்சி இறக்கிய கருப்பட்டிப் பாகு. இசக்கிக்கு முதல் வாசம் நெல் அவிக்கும் கொப்பரையின் ஆவி, அடியில் ஆற்றங்கரைக் கோரையின் பச்சை வாசம். பெரியப்பாவுக்கு நல்ல வாசத்தையே கொடுங்கள்: திருநீறு, சாம்பிராணி. துரோகி என்றால் அழுகல் வாடை என்று எழுதினால் நாலாம் அத்தியாயத்திலேயே குட்டு உடைந்துவிடும்.

வாசம் ஒளிக்க மருந்து உண்டு என்பது இந்த உலகத்தின் பழைய ஏற்பாடு. மாத்திரை வேண்டாம். மறுக்கப்பட்ட வடிவு முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கிறாள் என்று வையுங்கள். முதல் நாள் இலையை நனைத்துவைத்து, தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை ஏந்தி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஒரு நாளைக்கு 1000 பீடி. 25 பீடி ஒரு கட்டு என்றால் 40 கட்டு. விரல் நுனி, முடி, சேலைத் தலைப்பு எல்லாம் புகையிலைத் தூள். அந்த நெடிக்கு அடியில் பிச்சிப்பூவை எந்த ஆல்பா மூக்கும் தேடிப் பிடிக்காது. சொந்த ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் 5 வருடம் ஒளிந்திருக்கிறாள். சென்னைக்கு ஓடிப்போய் நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பி வருவதைவிட இது கனமான ஒளிதல். அவன் அந்த வழியாகவே லாரியில் நெல் ஏற்றிப்போயிருப்பான்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். மாதிரி:

"அவனுடைய ஆல்பா சக்தி அவளைத் தாக்கியது. அவளுக்குள் இருந்த மிருகம் 'இணை! இணை!' என்று கத்தியது."

இந்த வரியில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அதே தருணத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் பாசஞ்சர் நின்று கிளம்பியதும் பிளாட்பாரத்தில் அவள் மட்டும்தான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. நனைந்த மண்ணுக்கு நடுவே ஒரு இழை, நெல் அவிக்கிற ஆவி. இந்நேரத்துக்கு யார் வீட்டில் நெல் அவிக்கிறார்கள் என்று நினைத்தவள், அடுத்த எட்டு வைக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்."

மிருகம் கத்தவில்லை, கை வேலை செய்தது. அது போதும்.

மறுப்புக் காட்சி

ஒரே அத்தியாயம், 1200 வார்த்தைக்குள். அதற்கு மேல் நீண்டால் புலம்பலாகிவிடும். இடம், நிச்சயதாம்பூலப் பந்தல். தை மாதம், வயலில் பிசானம் முற்றி நிற்கிறது. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முந்தின நிமிடம்.

வசனத்தை மொழிபெயர்ப்பு நெடி இல்லாமல் வையுங்கள். 'நான் உன்னை நிராகரிக்கிறேன்' என்று பந்தலில் யாரும் பேசமாட்டார்கள். தென்சீமையில் உறவை முறிப்பதற்கு 'அத்துவிடுதல்', 'தீர்த்துவிடுதல்' என்று சொல் இருக்கிறது. துரும்பைக் கிள்ளிப் போட்டு முறிக்கும் பழைய வழக்கமும் உண்டு. இசக்கி தட்டிலிருந்து ஒரு துரும்பை எடுக்கிறான், கிள்ளுகிறான், "இன்னையோட முறை அத்தாச்சு" என்கிறான். ஐந்தாறு சொல்லுக்கு மேல் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஆச்சி வேண்டும். வடிவு பதில் சொல்ல வாய் திறக்கிறாள். ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டால் பிணைப்பு முழுதாகப் போய்விடும். ஆச்சி அவள் வாயைப் பொத்துகிறாள். "என்னலே சொல்லுத, சபையில நின்னு?" என்று பேரனைக் கேட்கிறாள், கை மட்டும் பேத்தியின் வாயிலிருந்து எடுபடவில்லை. இந்தக் கை பொத்தியதால் பிணைப்பு பாதி அறுந்து பாதி தொங்குகிறது. 5 வருடம் கழித்தும் அவனுக்குக் கழுத்து வலிப்பதும், அவளுக்கு ஒவ்வொரு ஹீட்டும் இரண்டு மடங்கு கடுமையாக வருவதும் இதனால்தான் என்று விதித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருள் ஒன்றும் அந்தப் பந்தலில் இருக்கட்டும். பத்தமடையில் மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் செய்வார்கள். நிச்சயத்துக்கு முன்பே ஆச்சி ஆர்வத்தில் சொல்லி நெய்த பாய், இரண்டு பெயரோடு, சுருட்டிய சுருள் அவிழாமல் பரணுக்குப் போகிறது. அதை அத்தியாயம் 2-ல் பரணில் ஏற்றிவிட்டு, 20 வரை யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

துரோகம்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பொறாமைக்காரத் தங்கை, மாற்றிவைத்த கடிதம், பாலில் கலந்த மருந்து என்று போவார்கள். குடும்பத் துரோகம் நம்மூரில் பெரும்பாலும் காகிதத்தில் நடக்கிறது. காகிதத்துக்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு, எண் உண்டு. வாசகர் அதை நம்புவார்.

ஏற்பாடு இப்படி. வடிவின் அப்பா இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 திருத்தம் அதைக் கொண்டுவந்தது, 2005-ல் மத்தியச் சட்டம் நாடு முழுக்க விரித்தது. ஆகவே கால்வாய் ஓரத்து நஞ்சையில் வடிவுக்குப் பங்கு இருக்கிறது. அவள் கல்யாணமாகிப் போனால் பங்கும் அவளோடு போகும். பெரியப்பா இசக்கியின் தகப்பனோடு பேசி முடிக்கிறார்: மகனை வைத்து நிச்சயத்தை முறித்தால் அந்த நிலத்தில் பாதி உங்களுக்கு.

மறுப்புக்குப் பிறகு வடிவு காய்ச்சலிலும், அதன்பின் 48 நாள் நினைவு வந்து வந்து போயும் கிடக்கிறாள். 20-ஆம் நாள் பெரியப்பா பேனாவோடு வருகிறார். "ஏளா வடிவு, இதுல ஒரு கையெழுத்துப் போடு தாயி. ஆசுபத்திரிக் காயிதம்தான்." அது விடுதலைப் பத்திரம், பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. அதைச் சார் பதிவாளர் முன்பு பதிவு செய்ய வேண்டும், எழுதிக்கொடுப்பவரின் கைரேகை வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்ளும் வழியும் உண்டு. இந்த விவரம் தெரியாமல் 'தூக்கத்தில் கைநாட்டு வாங்கினார்கள்' என்று எழுதினால், பத்திர ஆபீசுக்குப் போய்வந்த எந்த வாசகரும் அங்கேயே நின்றுவிடுவார்.

சாட்சிகள் யார் என்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஒருவர் இசக்கியின் தகப்பன். இன்னொருவர் வடிவு மிகவும் நம்பிய ஆள். மைனி (அண்ணி) ஒருத்தி, காய்ச்சலில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவள், கையெழுத்துப் போடத் தலையணையை அணைத்துக் கொடுத்தவள். பெரியப்பா செய்தது வாசகருக்குக் கோபம் தரும். மைனி செய்ததுதான் தூங்கவிடாது.

கண்டுபிடிப்பு வில்லங்கச் சான்றில். பதிவுத்துறை இணையதளத்திலேயே ஊர், சர்வே எண், காலம் கொடுத்துப் பார்க்கலாம். வடிவு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் வரிசை: ஆவண எண், தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர். எழுதிக்கொடுத்தவர் இடத்தில் அவள் பெயர். தேதியைப் பார்க்கிறாள், விரலால் நாள் எண்ணுகிறாள், இருபது. அதற்குக் கீழே இன்னொரு பதிவு, அதே சர்வே எண், பாதி நிலம் இசக்கியின் தகப்பன் பேருக்கு. இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதை அவள் பார்க்கிற அந்த அரை நிமிடத்துக்கு 300 வார்த்தை கொடுங்கள். இசைத் துணுக்கும் இடி மின்னலும் வேண்டாம். பிரிண்ட் எடுக்கட்டுமா அக்கா என்று பையன் கேட்கட்டும்.

மோசடியாக வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட 3 வருடக் கெடு, மோசடி தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரியும், எதில் போட்டோம் என்பது இன்றுதான் தெரிகிறது. ஆக அன்றிலிருந்து கதைக்கு ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இசக்கி ஏமாற்றப்பட்டான் என்று மட்டும் வைத்தால் மன்னிப்புக்கு எடை இருக்காது. அவள் மேல் வேறொரு ஆல்பாவின் வாசம் இருந்தது என்று தகப்பன் சொன்னார், இவன் நம்பினான். அவளிடம் போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் சொந்தக் குற்றம் அது, அதை யார் மேலும் தள்ள முடியாதபடி எழுதுங்கள்.

திரும்பி வருதல், ஒரு வருடக் கணக்கு

ஆனி மாதம் ஆச்சி போய்விடுகிறாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வடிவு வருகிறாள். சாவு வீடு நல்ல இடம்: யாரையும் போ என்று சொல்ல முடியாது, யாரும் சத்தம் போட முடியாது, எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ்.

ஆனால் சாவு வீட்டில் கதையைத் தொடங்கினால் ஒரு நியமம் சேர்ந்து வரும். அந்த வீட்டில் பொதுவாகத் தலைத்திவசம் முடியும் வரை, ஒரு வருடத்துக்கு, கல்யாணம் வைக்கமாட்டார்கள். கொடையில் முன்னே நிற்கமாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாம் மாதமே மேளதாளத்தோடு கல்யாணம் என்று எழுதினால் ஊர்க்காரர் சிரிப்பார். இந்தத் தடையை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே ஒரு முழு வருடம் கிடைக்கிறது, இரண்டு போகம், நான்கு ஹீட்.

நடந்த வருடங்களில் கதையை வைத்தால் வானிலையையும் சரியாக வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடத்துப் பிசானத்தைப் பச்சைப்பசேல் என்று வர்ணித்துவிட்டு நகர முடியாது.

ஹீட் காட்சிகள்

சுருக்கமாக ஒன்று. வேட்கை வந்த நேரத்தில் எடுத்த முடிவு முடிவே இல்லை என்பதை உங்கள் உலகத்தின் சட்டமாக்குங்கள். அவள் தெளிவாக இருக்கும்போது, வாயால், முன்கூட்டியே சொன்ன சம்மதம் மட்டுமே சம்மதம். முதல் ஹீட்டில் அவன் செய்ய வேண்டியது, வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, குடத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, காற்று எதிர்ப்பக்கம் வீசும் திசையில் போய் உட்காருவது. உடம்பு தன்னால் சேர்ந்துகொண்டது, அதனால் மன்னித்துவிட்டாள் என்ற குறுக்குவழியை எடுத்தால் மறுவாய்ப்பு என்ற சொல்லுக்கே அர்த்தம் இருக்காது. தொடரின் முகப்பிலேயே வயது எச்சரிக்கையும் உள்ளடக்க எச்சரிக்கையும் போடுங்கள்.

மன்றாடல்

இந்த வகையின் வாசகர்கள் காத்திருப்பதே இதற்குத்தான். கண்ணீரை அளந்து கொடுங்கள், இழப்பைத் தாராளமாகக் கொடுங்கள். இசக்கி ஒவ்வொன்றாக விட வேண்டும்: முதலில் நிலம், பதிவு செய்து, ஆவண எண்ணோடு அவள் பேருக்குத் திரும்பட்டும். அப்புறம் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி. அப்புறம் பதவி. நம்மூரில் ஆல்பா என்பவன் யார் என்று கேட்டால், கொடையில் பரிவட்டம் கட்டி முதல் திருநீறு வாங்குகிறவன். தலைத்திவசம் கழிந்து வரும் ஆடிக் கொடையில், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்க, பூசாரி பரிவட்டத்தை நீட்டும்போது அவன் கை நீட்டாமல் நிற்க வேண்டும். அதே சபை, அதே பங்காளிகள். துரும்பைக் கிள்ளிய கதையைத் தன் வாயால் சொல்லி, பொய்யை நம்பியது தான்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு ஆண்கள் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

அவளுக்கும் ஒரு உரிமை பாக்கி இருக்கிறது. ஆச்சி பொத்திய வாயில் நின்றுபோன அந்தச் சொல். ஏற்கிறேன் என்று இப்போது சொன்னாலும் பிணைப்பு அறும். அதை அவள் சொல்லப்போகிறாள் என்றே வாசகர் நம்பும்படி இரண்டு அத்தியாயம் ஓட்டுங்கள். அவள் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பிணைப்பின் இழுப்பாக இருக்கக் கூடாது. ஒரு வருடம் அவன் நடந்துகொண்ட விதத்தில் மூன்று நிகழ்ச்சியை அவள் எண்ணிச் சொல்ல முடிய வேண்டும்.

மைனியை மன்னிக்கத் தேவையில்லை. எல்லோரையும் கடைசி அத்தியாயத்தில் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் பழக்கத்தை விடுங்கள். கை நனைப்பது இங்கே உறவின் அளவுகோல். மைனி வீட்டில் வடிவு தண்ணீர்கூடக் குடிக்காமல் போவது நல்ல முடிவு.

பேச்சும் முறைப்பெயரும்

நெல்லைப் பேச்சைத் தூவும் அளவு முக்கியம். வசனத்தில் மட்டும் வரட்டும், கதை சொல்லும் குரல் பொதுத்தமிழில் இருக்கட்டும். ஏலே, ஏளா, என்னவே, அவிய, சொல்லுதேன், வந்திய என்று ஒரு வசனத்துக்கு ஒன்றிரண்டு போதும். ஏலே என்று ஆச்சி பேரனைக் கூப்பிடலாம், வயதில் இளையவர் மூத்தவரைக் கூப்பிட்டால் அடி விழும்.

பிணைப்பின் சூட்டை அளக்க உங்களிடம் இருக்கும் நுட்பமான கருவி முறைப்பெயர். மறுப்புக்கு முன் வடிவு அவனை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்: "அத்தான், எப்ப வந்திய?" திரும்பி வந்தபின் அந்தச் சொல் அவள் வாயில் வராது. "தண்ணி வேணுமான்னு கேட்டிய. வேண்டாம்." மரியாதை அப்படியே இருக்கிறது, முறை மட்டும் இல்லை. இருபத்தைந்து அத்தியாயம் அத்தான் என்ற சொல்லை அவள் வசனத்தில் தேடிப் பார்த்து அழியுங்கள். அது திரும்பி வருகிற இடத்துக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

கூட்டம், ரத்தம், வம்சம், ஆல்பா பிறப்பு என்ற சொற்கள் தென்மாவட்டத்தில் எழுதினால் சட்டென்று சாதிப் பேச்சாகிவிடும். காதலித்த பிள்ளைகளைக் குடும்ப மானத்தின் பேரால் கொன்ற ஊர்கள் இவை. ஆகவே ஆல்பா பிறப்பால் உயர்ந்தவன் என்று கதையின் குரல் ஒருபோதும் சொல்லக் கூடாது. பெரியப்பா சொல்லட்டும், கதை அவரைத் தோற்கடிக்கட்டும். ஒரே வீட்டில் ஆல்பாவும் ஒமேகாவும் பீட்டாவும் பிறப்பார்கள் என்று விதித்தாளில் வையுங்கள். ஊருக்குக் கற்பனைப் பெயர், சாமிக்கும் கற்பனைப் பெயர். சாப்பாடுகூட வீட்டின் அடையாளத்தைச் சொல்லும்: மறுவீட்டு விருந்துக்குச் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைத்தால் சைவ வீட்டுக் கல்யாணம் என்று பலர் படிப்பார்கள். தெரிந்தே வையுங்கள்.

அத்தியாயக் கணக்கு

30 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1000 முதல் 1300 வார்த்தை. பிரதிலிபி, வாட்பேட் போன்ற செயலிகளில் போனில் ஒரே மூச்சில் வாசிக்க இது தோதான நீளம். மறுப்பு முதல் அத்தியாயத்தில், காய்ச்சலும் கையெழுத்தும் 2, 3-ல், ஆனால் அந்தக் காகிதம் என்ன என்று அங்கே சொல்லக் கூடாது. 4-ல் ஐந்து வருடம் தாண்டி முக்கூடல். ஸ்டேஷனில் வாசம் 6-ல். வில்லங்கச் சான்று 14-ல். இதைப் 10-க்கு முன் கொண்டுவந்தால் பின்பாதிக்குச் சரக்கு இருக்காது, 18-க்கு மேல் தள்ளினால் வாசகர் அவனை அதற்குள் மன்னித்திருப்பார். மைனியின் கையெழுத்து தெரிவது 17. பாய் பரணிலிருந்து இறங்குவது 20. கொடை 26, 27. மீதி மூன்றில் கல்யாணம்.

எழுதத் தொடங்கும்போதே 10 அத்தியாயம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு வீதம் வெளியிட்டால் 5 வாரத்துக்குக் கவலை இல்லை. கமெண்டில் எல்லோரும் சீக்கிரம் சேர்த்துவையுங்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும், தலைத்திவசத் தேதியை மாற்றாதீர்கள்.

சொதியை வைப்பதென்று முடிவுசெய்தால் 30-ஆம் அத்தியாயத்தில், கல்யாணத்துக்கு மறுநாள் வையுங்கள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், வெந்த பாசிப்பருப்பு சேர வேண்டும், முதல் பால் அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். வடிவு கரண்டியோடு நிற்கிறாள், இசக்கி இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறான். புகையிலை நெடி கையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அடுப்பை அணைக்கணுமா என்று அவன் கேட்கிறான். "பொறுங்க அத்தான்" என்கிறாள்.